அது யாருடைய முகம்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். ஓவியக் கல்லூரிக்குப் போனதில்லை. பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, சில வருடங்களாகத் தைலவண்ணத்தில் உருவப்படம் வரைகிறேன். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவரை உட்காரவைத்து வரைந்தேன். கையில் பாசி, இடுப்பில் வலைப் பை, பின்னால் கடல். பார்த்த எல்லாரும் பிரமாதம் என்றார்கள். அந்த அக்கா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாசி எடுக்குற பொம்பளதான், ஆனா நான் இல்லையே" என்றார். அதிலிருந்து அடுத்த படத்தைத் தொடங்க முடியவில்லை.

கதை சொல்லும் உருவப்படம் என்கிறார்களே, ஒரு ஓவியரை அதை நோக்கித் தள்ளுவது எது? இரக்கமா, அழகா, ஊரைப் பதிவுசெய்யும் ஆசையா? என் காரணமே எனக்குத் தெளிவாக இல்லை. இன்னும் மூன்று சிக்கல்கள். தோல் நிறம் சாம்பல் பூத்ததுபோல் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வண்ணம் வாரக்கணக்கில் காயாமல் பிசுபிசுக்கிறது. வீட்டில் "இதையெல்லாம் யாரு வாங்குவா?" என்று கேட்கிறார்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் படத்துக்கு வந்த விமர்சனங்களில் சரியானது அந்த அக்காவுடையதுதான். பாசி, பை, கடல் மூன்றும் சேர்ந்து அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்லிவிடுகின்றன. அந்தக் கரையில் அதே வேலை பார்க்கும் யாரை அங்கே உட்காரவைத்திருந்தாலும் ஏறக்குறைய அதே படம்தான் வந்திருக்கும்.

இது பழைய சிக்கல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் ஆங்கிலேயருக்காக ஆல்பம் ஆல்பமாக வரைந்து கொடுத்தார்கள். கம்பெனி ஓவியங்கள் என்று இன்று சொல்கிறோம். ஒரு தாளில் ஒரு கணவன், ஒரு மனைவி, கையில் தொழிற்கருவி, கூடவே சாதியோ தொழிலோ எழுதிய ஒரு வரி. அந்தக் காலத்து உடைக்கும் நகைக்கும் கருவிக்கும் அவை அருமையான ஆவணங்கள். ஆனால் ஒருவர் தலையை எடுத்து இன்னொருவர் உடம்பில் வைத்தாலும் படம் கெடாது. வரையச் சொன்னவர்களுக்கு இன்ன தொழில்காரர் எப்படி இருப்பார் என்று தெரிந்தால் போதும், ஆளைத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு வழி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்கள், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. சேதுபதி ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் வாங்குகிறார், தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது, ஐரோப்பியரைச் சந்திக்கிறார். ஒரே மனிதர் காட்சிக்குக் காட்சி வருகிறார். அவரை நாம் அடையாளம் காண்பது உடையாலும் அளவாலும் அவர் இருக்கும் இடத்தாலும்தான், முகத்தால் அவ்வளவாக இல்லை. கதை அங்கே காட்சி அடுக்கில் இருக்கிறது. ஒரு முறை போய், யாருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனித்து வாருங்கள். ஒரே ஒரு ஆளை வரையும்போதுகூட அது உதவும்.

மூன்றாவது வழிக்கு ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். 1650இல் ரோமில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ஹுவான் தெ பரேஹாவின் உருவப்படம். பரேஹா அவருடைய பட்டறையில் அடிமையாக இருந்தவர். படத்தில் விலங்கு இல்லை, வேலைக்கான கருவியும் இல்லை. வெள்ளைச் சரிகைக் கழுத்துப்பட்டை, உடம்பின் குறுக்கே வந்த கை, நம்மை நேராகப் பார்க்கும் கண், அவ்வளவுதான். அதே ஆண்டு வெலாஸ்கெஸ் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிற்பாடு பரேஹாவும் ஓவியரானார். இந்த விவரம் எதுவும் தெரியாதவர்கூட அந்தப் படத்தின் முன் நின்றால், இவர் யாரோ ஒருவர் அல்லர் என்று உணர்வார்.

இனி உங்கள் முதல் கேள்வி. இரக்கம் தள்ளினால் எல்லா முகமும் ஒன்றுபோல ஆகும்: ஈரக் கண், மேலிருந்து விழும் ஒளி, தேவைக்கு மேல் அழுத்திய சுருக்கம். அழகு தள்ளினால் கை தானாகவே தோலை வழவழப்பாக்கும். ஊரைப் பதிவுசெய்யும் ஆசை நல்லதுதான், ஆனால் தனியாக விட்டால் அது கம்பெனி ஆல்பத்தில் கொண்டுபோய் விடும். கடைசிவரை நிற்கிற உந்துதல், இந்த முகமும் இந்தக் கையும் ஏன் இப்படி ஆயின என்று தெரிந்துகொள்ளும் ஆவல். காரணம் தெரிந்து வைத்த கோடு கதை சொல்லும். காரணம் தெரியாமல் வைத்த கோடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அலங்காரம்தான். வான்கோ 1885இல் உருளைக்கிழங்கு உண்பவர்களை வரைவதற்கு முன், அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஊர் விவசாயிகளின் தலைகளைத் தனித்தனியாகப் பல பத்துக்கணக்கில் வரைந்தார். முகங்களின் நிறம் மண் ஒட்டிய, தோலுரிக்காத உருளைக்கிழங்கின் நிறமாக இருக்க வேண்டும் என்று தம்பிக்கு எழுதினார். நிறத்துக்குக்கூட அவர் வேலையிலிருந்துதான் காரணம் எடுத்தார்.

பாசி எடுப்பவரிடம் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பாறையில் கை கிழியாமல் இருக்க விரல்களில் துணிப் பட்டை சுற்றுவார்கள். எந்த விரல்களில் என்பது ஆளுக்கு ஆள் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பட்டைக்கு அடியிலிருக்கும் தோல் வெயில் படாமல் ஒரு படி வெளிறியிருக்கும். நீரில் ஊறிய விரல் நுனி சுருங்கி வெளுத்திருக்கும், கரையேறிச் சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடும். முங்குக் கண்ணாடியின் விளிம்பு நெற்றியிலும் கன்னத்திலும் பதித்த தடமும் அப்படித்தான். ஆகவே நீங்கள் வரைவது கரையேறிய உடனேயா, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்தவருக்குக் கையில் பாசியைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே பொய் வந்துவிடும். முடியின் நுனி உப்பாலும் வெயிலாலும் செம்பட்டை ஆகியிருக்கும். கறுப்பை அப்படியே இழுக்காமல் நுனிக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்து போடுங்கள்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. வருடக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் வேலை செய்கிறவர்களுக்கு, வெள்ளை விழியில் மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளர்வது உண்டு. கரையில் நிறையப் பேருக்குப் பார்க்கலாம். புதிதாக வரைகிறவர்கள் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டுத் தூய வெள்ளை வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரே திருத்தத்தில் அந்த மனிதருடைய எத்தனையோ வருடம் படத்திலிருந்து போய்விடுகிறது. எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), துளி அலிசரின் (ஆழ்ந்த சிவப்பு), கொஞ்சம் வெள்ளை கலந்து, சுற்றியுள்ள விழி ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பிரஷ்ஷால் ஓரம் கரைத்து வையுங்கள். கோடாக வரைந்தால் காயம்போலத் தெரியும். விழியின் வெள்ளையும் வெள்ளை அல்ல. புருவ நிழலுக்குள் இருப்பதால் நெற்றியின் பிரகாசமான இடத்தைவிட அது பெரும்பாலும் மங்கல்தான். அதை மீறினால் முகம் முழித்துப் பார்க்கும்.

வலை இழுப்பவர், சங்கு குளிப்பவர், கருவாடு காயவைப்பவர், உப்பளத்தில் வேலை செய்பவர் எல்லாருக்கும் இதேபோலத் தனித்தனிக் காரணங்கள் உண்டு. கயிறு இழுத்த கையில் காய்ப்பு விரலடிகளில் வரிசையாக விழும், விரல்கள் முழுதாக விரியாது. கையை நீட்டச் சொல்லாமல், அது தானாக மடியில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வரையுங்கள்.

உங்கள் படத்தில் கைபேசிப் புகைப்படம் பார்த்து வரைந்த பகுதி உண்டு என்றே நினைக்கிறேன். சாம்பல் நிறச் சிக்கலில் அதற்கும் பங்கு இருக்கும். கைபேசியைக் கைநீளத் தூரத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்னால் போகும், ஆள் மாறிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். வெயிலில் எடுத்த படத்தில் நிழல் வெறும் கறுப்பாக இருக்கும், உள்ளே நிறம் எதுவும் இருக்காது. அதைப் பார்த்து வரைந்தால் நிழலுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் போட வேண்டிவருகிறது. இடையில் வருவது சாம்பல்தான்.

கறுத்த தோலை வெளிச்சத்துக்குக் கொண்டுவர டைட்டானியம் வெள்ளையைத் தொடாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போங்கள். நிழலுக்கு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் (அடர் நீலம்) ஒரு பங்கு, துளி அலிசரின். நடு நிறத்துக்கு பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, எல்லோ ஆக்கர் ஒரு பங்கு, சூட்டைத் தணிக்க அல்ட்ராமரைன் ஒரு நுனி. வெளிச்சத்துக்கு ஆக்கரைக் கூட்டி, கேட்மியம் சிவப்பு கொஞ்சம் சேர்த்து, அதற்குப் பிறகுதான் வெள்ளை. இவை தொடக்க அளவுதான், எதிரே இருப்பவரின் தோலைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். வியர்வை மினுக்கத்துக்கு மட்டும் வெள்ளை தாராளமாக வரலாம். திறந்தவெளியில் அந்த மினுக்கம் வானத்தின் நிறத்தை வாங்குவதால் நீலச் சாயல் வேண்டும். ஆனால் கடலிலிருந்து வந்து காய்ந்த தோலில் உப்புப் பூத்து மினுக்கம் செத்திருக்கும். முன்கையில் அது நன்றாகத் தெரியும். குளித்து எண்ணெய் தேய்த்த தோலுக்கும் உப்புக் காய்ந்த தோலுக்கும் உள்ள வித்தியாசத்தை வண்ணத்தில் கொண்டுவந்துவிட்டால், பின்னால் கடலே வேண்டாம்.

கடற்கரையில் முகத்துக்கு வெளிச்சம் மூன்று பக்கத்திலிருந்து வருகிறது: சூரியன், வானம், கீழே மணல். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெண்மணலில் பட்டுத் திரும்பும் ஒளி தாடைக்கு அடியையும் மூக்கின் கீழ்ப்பகுதியையும் இளஞ்சூடாக்கும். அங்கே கறுத்த நிழல் போட்டால் ஆள் வீட்டு அறைக்குள்ளும் கடல் வெளியிலுமாகப் பிரிந்துவிடும், பின்புலம் ஒட்டவைத்த மாதிரி தெரிவது அதனால்தான். ஒன்பது மணிக்கு மேல் வெயில் மேலிருந்து விழுந்து கண்குழியை அடைத்துவிடும், எல்லாரும் கண்ணைச் சுருக்குவார்கள். காலை எட்டு மணிக்குள், அல்லது ஓலைக் கொட்டகை நிழலில் வரையுங்கள். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் மட்டும் வேண்டாம். முகம், கான்வாஸ், பேலட் மூன்றிலும் நீலம் ஏறி, வெளியே கொண்டுவந்ததும் படம் செங்கலாகத் தெரியும்.

உட்காரவைக்கும் முறைக்கு வருகிறேன். முதல் நாள் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். எந்த வயதில், யாரோடு முதலில் கடலில் இறங்கினார், எந்தத் தோள் வலிக்கும், எந்தக் கையால் பாறையைப் பிடிப்பார் என்று கேளுங்கள். பேசும்போது சின்னச் சின்னதாகப் பென்சிலில் குறியுங்கள். வெறும் மூன்று அழுத்தம் போதும்: இருட்டு, நடு, வெளிச்சம். இரண்டாம் நாள், நீர்க்க டர்பன்டைன் கலந்த பர்ன்ட் அம்பரைக் கான்வாஸ் முழுக்கத் தடவி, வெளிச்சம் உள்ள இடங்களைத் துணியால் துடைத்து எடுத்து உருவத்தைக் கொண்டுவாருங்கள். இது ஒரே அமர்வில் முடியும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். மூன்றாவது அமர்வில் பெரிய பரப்புகளுக்கு நிறம், நான்காவதில் கண், கை, ஓரங்கள். எந்த ஓரம் கூர்மையாக இருக்கிறதோ அங்கேதான் பார்ப்பவர் கண் முதலில் போகும். உங்கள் கதை விரல் பட்டையில் இருந்தால் கூர்மை அங்கே இருக்கட்டும், புடவைக் கரையில் வேண்டாம்.

இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் இடைவேளை விடுங்கள். மணலில் ஸ்டூல் போட்டால் கால் புதைந்து ஒவ்வொரு முறையும் உயரம் மாறும், அடியில் ஒரு பலகை போட்டு ஸ்டூல் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது வெளியே கான்வாஸ் தாங்கி நிற்காது, ஈர வண்ணத்தில் மணலும் ஒட்டும், உள்ளே போய்விடுங்கள். கடலுக்குப் போகும் நாளில் யாரையும் உட்காரச் சொல்லாதீர்கள். கடலுக்குப் போயிருந்தால் அன்று என்ன கிடைத்திருக்குமோ அந்தத் தொகையையாவது கொடுக்க வேண்டும். விசைப்படகுக்காரர்களை வரைய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நல்ல நேரம். படகும் வலையும் கரையில் பழுது பார்க்கப்படும், அவர்களும் தங்கள் வேலைக்கு நடுவிலேயே உட்காருவார்கள்.

பொருள்களை எண்ணி வையுங்கள். ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ படத்தில் மேசை நிறையக் கருவிகள். அவர்கள் தங்கள் படிப்பைக் காட்ட விரும்பிய பிரபுக்கள், அது அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் அத்தனைக்கு நடுவிலும் நம்மைக் குடைவது இசைக்கருவியில் அறுந்து கிடக்கும் ஒரே ஒரு தந்திதான். நீங்கள் ஒன்று வையுங்கள், அதையும் அந்த அக்காவே தேர்ந்தெடுக்கட்டும். அது பாசியாகவே இல்லாமல் போகலாம். இன்னொன்றும் செய்து பாருங்கள்: கடலை அவருக்குப் பின்னால் வைக்காதீர்கள், அவர் கடலைப் பார்த்து உட்காரட்டும். சின்னப்பாலத்தில் கடல் தெற்கே இருப்பதால் காலை ஏழு மணி வெயில் அவருடைய இடது கன்னத்தில் விழும், தண்ணீரின் ஒளி முன்னாலிருந்து மெல்ல வரும், பின்னால் அவர் வீடும் தெருவும் இருக்கும். அவர் தினமும் கவனித்துப் பார்க்கிற ஒன்றைப் பார்க்கும்போது புருவமும் கழுத்தும் எடுக்கும் நிலை, உங்களுக்காக உட்காரும்போது வராது.

யார் வாங்குவார்கள் என்பதற்கு நேர்மையான பதில்: உடனே பலர் வாங்க மாட்டார்கள். விடுதிகளும் கடைகளும் கேட்பது சிரித்த முகத்து மீனவப் பெண், அதாவது உங்கள் முதல் படம். வருமானத்துக்கு மறைந்தவர்களின் படம் வரையும் வேலையை எடுங்கள், கரையோர வீடுகளில் அதற்கு எப்போதும் தேவை உண்டு. அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அடையாள அட்டை அளவுப் புகைப்படத்தில் ஃபிளாஷ் எல்லா நிழலையும் தின்றிருக்கும். குடும்பத்தாரிடம் உட்கார்ந்து, மறைந்தவர் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார், வேட்டியை எப்படி மடிப்பார், கோபத்தில் எந்தப் புருவம் ஏறும் என்று கேட்டு, அதே சாயல் உள்ள மகனையோ மகளையோ பக்கவாட்டு ஒளியில் உட்காரவைத்து நிழலை அங்கிருந்து எடுக்க வேண்டும். மேலே சொன்ன ஆவலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. உங்கள் சொந்தப் படங்களுக்கு, ஒப்புக்கொண்டால் அவர்கள் பெயரையே தலைப்பாக வையுங்கள். "பாசி எடுக்கும் பெண்" என்று வைக்காதீர்கள்.

கடைசியாக, காயாத வண்ணம். தைலவண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. அதற்குக் காற்றோட்டமும் வெளிச்சமும் வெதுவெதுப்பும் வேண்டும். மழைக்காலத்தில் அறையைச் சாத்தி வைத்தால் மூன்றும் இல்லை. அதற்குமேல் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்பு நிச்சயம். அடிப்பூச்சுக்கு எண்ணெயே சேர்க்க வேண்டாம், மேல்பூச்சுகளில் மட்டும் படிப்படியாகக் கூட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, அடி பின்னால் அசைந்து, வெடிப்பு விழும். அலிசரினும் ஐவரி பிளாக்கும் இயல்பாகவே மெதுவாகக் காய்பவை, அடியில் கனமாக வைக்காதீர்கள். ஜிங்க் வெள்ளை நாளாவட்டத்தில் நொறுங்கும், தவிர்த்துவிடுங்கள். அவசரத்துக்கு வெயிலில் வைத்தால் மேலே ஆடை கட்டிச் சுருங்கும். மின்விசிறிக் காற்று படும் வெளிச்சமான அறை போதும்.

ஈரக் காற்றில் பருத்திக் கான்வாஸ் தொய்ந்து தொய்ந்து இறுகும். கரையில் இருக்கிறவர்களுக்கு நல்ல பிளைவுட் பலகை வசதி. இரண்டு பக்கமும் ஓரங்களும் அடைத்து, முன்பக்கம் மூன்று மெல்லிய ஜெஸ்ஸோ (வெள்ளை அடித்தளப் பூச்சு) பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக, இடையில் உப்புத்தாள் தேய்ப்பு. கான்வாஸ்தான் வேண்டும் என்றால் இரும்பு ஆணி வேண்டாம், துரு துணியைத் தின்னும். துருப்பிடிக்காத பின் அடியுங்கள். காற்றில் வைத்த பரப்பில் உப்புப் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும், வண்ணம் சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன், கை வைத்துக் காய்ந்ததை உறுதி செய்துகொண்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி உலரவிட்டு ஆரம்பியுங்கள். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு, மழையில்லாத மாசி, பங்குனியின் பகல் நேரத்தில். ஈர நாளில் அடித்தால் பால்போல வெளுத்துவிடும். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் அரை அங்குலக் கட்டை கொடுத்து இடைவெளி விடுங்கள், பூஞ்சை பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அன்புடன்.